வால்பேப்பரைப் பிய்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து தை நெருங்கினால் வீடுகளில் வண்ணம் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மட்டையை நனைத்தால் வேலை நடக்கும். இப்போது ஹாலில் டி.வி. சுவரிலும், படுக்கையறையில் தலைமாட்டுச் சுவரிலும் எட்டுப் பத்து வருடத்துக்கு முன் ஒட்டிய வால்பேப்பர் குறுக்கே நிற்கிறது. ஓரம் எழும்பி, நடுவில் உப்பி, மூலையில் பழுப்பேறிய அந்தத் தாளை எடுக்கப் போய்ச் சுவரையே கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஆகும் செலவில் பெரும்பகுதி தாளை எடுப்பதற்கு ஆவதில்லை. எடுக்கும்போது பெயர்ந்த பட்டியை, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் பூச்சை, திரும்பப் போடுவதற்கு ஆகிறது. பண்டிகை வேலை தொடங்கும் முன் இதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

கைப்பேசியில் வரும் காணொளிகளில் ஆள் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பார், தாள் முழுதாக வந்துவிடும். அவை பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகள். அங்கே ஜிப்சம் பலகைச் சுவருக்கு முறையாகப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் ஒட்டியிருப்பார்கள். நம் வீடுகளில் செங்கல், அதன் மேல் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பட்டி. பல இடங்களில் பிரைமர்கூட அடிக்காமல் நேரே பட்டி மேல் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். பட்டி பசையை உறிஞ்சி, இரண்டும் ஒன்றாகிவிடும். காய்ந்த நிலையில் இழுத்தால் எது பலவீனமோ அது பெயரும். பெரும்பாலும் பெயர்வது பட்டிதான்.

அதனால் தாளைத் தொடும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினால் ஓரத்தில் தெரியும். பீரோவுக்குப் பின்னால் தாள் போகாத இடத்திலும் தெரியும். அந்த இடத்தில் ஈரத்துணியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு நகத்தால் கீறுங்கள். கீறல் விழாமல் கெட்டியாக இருந்தால் அது வெள்ளை சிமெண்ட் பட்டி. தாராளமாகத் தண்ணீர் காட்டலாம். தயிர்போலக் குழைந்து நகத்தில் ஏறினால் அக்ரிலிக் பட்டி, அல்லது சாக் பவுடரில் கலந்த மலிவான பட்டி. தண்ணீரை எண்ணி எண்ணித்தான் தெளிக்க வேண்டும். அடியில் எமல்ஷன் (தண்ணீர் பெயிண்ட்) அல்லது எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) இருந்தால் அதிர்ஷ்டம், அந்தப் படலமே பட்டியைக் காப்பாற்றிவிடும். பழைய வீடுகளில் உலர் டிஸ்டெம்பர் (தூளாக வாங்கித் தண்ணீரில் கரைத்து அடிக்கும் வண்ணம்) மேல் ஒட்டியிருப்பார்கள். அங்கே தாள் சுலபமாக வந்துவிடும், கூடவே மாவாக டிஸ்டெம்பரும் வரும். அதை விட்டுவைக்கக் கூடாது. முழுவதும் கழுவிச் சுரண்டாமல் அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது.

தட்டினால் டம் டம் என்று வெற்றொலி கேட்கும் தடுப்புச் சுவர் என்றால் அது ஜிப்சம் பலகை. பலகையின் மேற்புறமே ஒரு காகிதம்தான். அதிகம் நனைத்தால் அந்தக் காகிதமும் வால்பேப்பரோடு சேர்ந்து உரிந்து, உள்ளே இருக்கும் ஜிப்சம் கஞ்சியாகும். புது அடுக்குமாடிகளில் சிமெண்டுக்குப் பதில் ஜிப்சம் பூச்சே பூசியிருக்கிறார்கள். ஆணி அடிக்கத் துளை போட்டால் சாம்பல் தூளுக்குப் பதில் மாவுபோல வெள்ளைத் தூள் விழும். அதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

அடுத்தது தாளின் வகை. ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கருத்தால் வெறும் காகிதம். தாமரை இலைத் தண்ணீராக நின்றால் மேலே வினைல் பூச்சு இருக்கிறது. வினைல் தாளில் பெரும்பாலானவை இரண்டு அடுக்கு: மேலே பிளாஸ்டிக், அடியில் காகிதம். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பூப்போட்ட மேல்தோல் மட்டும் வந்து, வெளுத்த காகிதம் சுவரிலேயே நிற்கும். பலர் இந்த இடத்தில் பதறி உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம், பாதி வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று அர்த்தம். மேல்தோல் போனபின் காகிதம் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் தானே விடும். மூன்றாவது வகை நெய்யாத இழைத் தாள். கிழித்தால் துணிபோல இழை நீளும். இது தண்ணீரே இல்லாமல் முழுப் பட்டையாக உரியும்படி செய்யப்பட்டது. தானாக ஒட்டும் ஸ்டிக்கர் வகைக்கும், செங்கல் மாதிரி புடைத்த ஃபோம் தகடுகளுக்கும் முறையே வேறு, பிறகு சொல்கிறேன்.

வழக்கமான ரோல் 21 அங்குல அகலம், 33 அடி நீளம், அதாவது சுமார் 57 சதுர அடி. பத்தடி அகலச் சுவரில் ஆறு பட்டைகள் வரும். இணைப்பு எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள், வேலை அந்த இணைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுவரின் நடுவில் கீறித் தொடங்கினால் துண்டு துண்டாகத்தான் வரும்.

ஆயத்தத்தில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அந்த அறையின் எம்.சி.பி.யை (மின்பலகையில் அந்த அறைக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். சுவிட்ச் பெட்டி சுவருக்குள் குழியாக இருக்கிறது. மேலிருந்து வழியும் நீர் நேரே அதற்குள் போகும். பெட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து விளக்கு இழுத்துக்கொள்ளலாம். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய போர்வை. வெறும் பிளாஸ்டிக்கில் பசைத் தண்ணீர் விழுந்தால் ஏணியோடு சறுக்கும்.

எந்தத் தாளானாலும் முதலில் காய்ந்த நிலையில் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கீழ் மூலையை பிளேடால் கிளப்பி, மேல்நோக்கி, சுவரை ஒட்டியே மடக்கி இழுங்கள். கை சுவரிலிருந்து விலகி நம் பக்கமாக வரக் கூடாது. நேராக வெளியே இழுத்தால் விசை முழுவதும் பட்டியைப் பிடுங்கும். மடக்கி இழுத்தால் விசை தாளின் மடிப்பிலேயே நிற்கும். இழைத் தாளும் வினைல் மேல்தோலும் இப்படியே போய்விடும். எங்காவது பட்டி கூட வர ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டுத் தண்ணீர் முறைக்கு மாறுங்கள்.

தண்ணீர் முறையில் வேலை செய்வது நீரும் நேரமும்தான், நம் தோள்பலம் அல்ல. ஒரு வாளியில் ஐந்து லிட்டர், கை பொறுக்கும் சூடு, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு தேக்கரண்டி. திரவம் பசையைக் கரைக்காது; தண்ணீர் முத்து முத்தாக வழிந்தோடாமல் தாளில் பரவி உள்ளே இறங்க உதவும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதில் லாபம் இல்லை. மாவுப் பசை சூட்டில் இளகும், உண்மைதான். ஆனால் ரோலோடு பொட்டலத்தில் வரும் பசைகளில் பல மெத்தில் செல்லுலோஸ். அது குளிர்ந்த நீரில்தான் கரையும், நன்றாகச் சுட்ட நீரில் கரையாது. வெதுவெதுப்பு இரண்டுக்கும் பொருந்தும். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துக் கலக்கும் குறிப்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு நுரைத்து அடங்கும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனி வினிகரும் நம் சுவருக்கு ஆகாது. சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் அமிலத்தில் அரிபடும்.

மேல்தோல் உரியாத வினைல் தாளானால் தண்ணீர் உள்ளே போக வழி வேண்டும். பல்சக்கரம் வைத்த கீறும் கருவி கிடைக்கிறது. இல்லையென்றால் 60ஆம் எண் உப்புத்தாளால் மேல்பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும். வால்பேப்பர் மேலேயே பெயிண்ட் அடித்துவைத்த வீடுகளிலும் இதே வழிதான். கருவியை அழுத்தினால் பல் பட்டியில் பதிந்து சுவர் முழுக்க அம்மைத் தழும்பு விழும். தாள் மட்டும் துளைபட வேண்டும். ஜிப்சம் பலகையில் இந்தக் கருவியைத் தொடவே தொடாதீர்கள்.

எம்.சி.பி.யை இறக்கியதால் மின்விசிறியும் ஏ.சி.யும் ஓடாது, அதுவும் நல்லதுதான். நம் வெயிலில் விசிறி ஓடினால் ஐந்து நிமிடத்தில் தாள் காய்ந்துவிடும், ஊறவே ஊறாது. செடிக்குத் தெளிக்கும் கை ஸ்பிரேயரால் இரண்டு பட்டை அகலத்துக்கு மேலிருந்து கீழாகத் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் தெளித்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். நூறு சதுர அடிச் சுவருக்கு ஒரு தெளிப்புக்குச் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். சுவரில் நீர் ஓடையாக வழிந்தால் அதிகம் என்று பொருள். பிடிவாதமான இடத்தில் ஈரத் தாளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஒட்டிவைத்தால் அரைமணி நேரம் ஈரம் காயாது. ஊறிவிட்டதா என்று நகத்தால் தள்ளிப் பாருங்கள். பாலாடை போலச் சுருங்கி நகர்ந்தால் தயார். கிழிந்தால் இன்னும் ஊறவில்லை.

சுரண்ட நான்கு அல்லது ஆறு அங்குல பட்டி பிளேடு. அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் லேசாக உருட்டிக்கொள்ளுங்கள், கூர்முனைதான் சுவரில் குழி போடுவது. தோசையை எடுக்கிற மாதிரிதான்: கரண்டியைப் படுக்கவைத்தால் தோசை வரும், நிமிர்த்தினால் கல்லைச் சுரண்டும். பிளேடு சுவரோடு ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் போக வேண்டும். ஒரு பட்டையைச் சுரண்டும்போதே அடுத்த பட்டை ஊறிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகாது. அக்ரிலிக் பட்டியில் இவ்வளவு ஊறவிட முடியாது. ஒருமுறை தெளித்து ஏழெட்டு நிமிடத்தில் ஒரு பட்டையை முடித்து, அந்த இடம் காய்ந்தபின் மறுபடி வரவேண்டும். ஜிப்சத்துக்கும் அப்படியே.

ஃபெவிகால் கலந்து ஒட்டியிருந்தால் மேற்சொன்னதெல்லாம் பாதிதான் பலிக்கும். பசை சீக்கிரம் கெட்டியாகட்டும் என்று ஒட்டுகிறவர்கள் கலப்பார்கள். சில இடங்களில் ஓரங்களில் மட்டும் தனி ஃபெவிகாலே தடவியிருப்பார்கள். காய்ந்த ஃபெவிகால் தண்ணீரில் லேசில் கரையாது, ஆனால் சூட்டில் தளரும். துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமரை ஒரு கையால் பத்துப் பதினைந்து விநாடி பிடித்து, மறு கையால் பிளேடை உடனே ஓட்ட வேண்டும். ஆறிவிட்டால் மறுபடி இறுகும். ஒரே இடத்தில் நெடுநேரம் காட்டினால் பட்டி கொப்பளிக்கும். தலைக்கு மேல் வைத்து ஆவி காட்டாதீர்கள், சுடுநீர் முழங்கை வழியாக இறங்கும். தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் பட்டி பெயரலாம். உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் பெயர்ந்தால் பிறகு ஒட்டுப்போட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் சுவரில் மூன்றில் ஒரு பங்கு பொள்ளென்று ஒலிக்கிறது என்றால் அந்தப் பட்டியைக் காப்பாற்றப் பார்ப்பது வீண். சிமெண்ட் தெரியும் வரை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு கோட் போடுவதே மலிவு. இதை வேலை தொடங்கும் முன்பே தட்டிப் பார்த்துச் சொல்லாத ஒப்பந்தக்காரர், பாதி வேலையில் கூடுதல் பணம் கேட்பார்.

தாள் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சுவர் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஈரக்கையால் தடவினால் வெண்டைக்காய் நறுக்கியது போல வழவழக்கும். அது பசை. மாவுப் பசையா என்று தெரிய ஒரு சொட்டு டிங்சர் அயோடின் போதும், கருநீலமாக மாறும். செல்லுலோஸ் பசை நிறம் மாறாது, கை வழவழப்பு ஒன்றுதான் அடையாளம். இந்தப் பசை மேல் எமல்ஷன் அடித்தால் பெயிண்டில் உள்ள தண்ணீரைக் குடித்துப் பசை உப்பும், காயும்போது சுருங்கிப் பெயிண்டையும் சேர்த்து இழுக்கும். முதலில் ஏரி வற்றிய தரைபோல வெடிப்பு, அப்புறம் சில வாரத்தில் செதில் செதிலாக உதிரல். பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்சை நனைத்து மூன்று முறை துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரை மாற்ற வேண்டும், கடைசி முறை வெறும் தண்ணீர். கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். தாள்கூழும் பசையும் குழாய் வளைவில் உட்கார்ந்துவிடும். ஒரு இரவு படியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்.

ஸ்டிக்கர் வகைக்குத் தண்ணீர் உதவாது. அதன் பசை அக்ரிலிக், வெப்பத்துக்குத்தான் இளகும். தலைமுடி உலர்த்தியை அரையடி தூரத்தில் ஆட்டிக்கொண்டே காட்டி, மெதுவாக மடக்கி உரியுங்கள். வேகமாக இழுத்தால் பெயிண்டோடு வரும். மிஞ்சிய பிசுக்கைத் துணியில் டர்பன்டைன் தொட்டு எடுக்கலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்போ விளக்கோ அருகில் கூடாது. தேங்காய் எண்ணெய் பிசுக்கை எடுக்கும்தான், டைல்ஸிலும் கண்ணாடியிலும் நல்லது. பட்டிச் சுவரில் தடவினால் எண்ணெய் உள்ளிறங்கி அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. ஃபோம் செங்கல் தகட்டைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் தனியாக, ஃபோம் சுவரோடு என்று பிரியும். தூண்டில் நரம்பை இரு கையிலும் சுற்றி, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு ரம்பம்போல அறுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அடுப்படியில் இந்தத் தகட்டை ஒட்டியிருப்பவர்கள் பண்டிகைக்குக் காத்திராமல் இன்றே எடுத்துவிடுவது நல்லது, அது எரியும் பொருள்.

தாளுக்குப் பின்னால் கரும்புள்ளி இருந்தால் விஷயம் வேறு. வினைல் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. குளியலறைக்குப் பின்சுவர், மழை நேராக அடிக்கும் வெளிச்சுவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளின் சுவர் இவற்றிலெல்லாம் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். என்95 முகக்கவசம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், வித்து அறை முழுக்கப் பறக்கும். ஈரமாக்கி எடுத்து, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். முன்பு வினிகர் போட்ட சுவரில் பிளீச் படக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பூஞ்சையைத் துடைத்தால் மட்டும் போதாது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வேர்த்தால் சுவரே கசிகிறது. குளியலறை டைல்ஸ் இணைப்பையோ வெளிச்சுவர் வெடிப்பையோ அடைக்காமல் உள்ளே எந்த வேலையும் செய்யாதீர்கள். வெளிப்புறம் வேர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

பழைய வீடுகளுக்கு இன்னொன்று. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாளுக்கு அடியில் அதற்கு முந்தைய எனாமல் இருந்தால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள். குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

கழுவிய சுவர் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காயும், கார்த்திகை மார்கழியில் ஒரு வாரமாவது கேட்கும். காய்ந்தபின் குழிகளைப் பட்டியால் நிரப்பி, 180ஆம் எண் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, பிரைமர். பசை கொஞ்சம் மிஞ்சியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தண்ணீர் பிரைமர் வேண்டாம், எண்ணெய் பிரைமர் அடியுங்கள். அது பசையை நனைக்காமல் அடைத்துவிடும். ஈரம் இருக்கும் சுவரில் அதை அடித்தால் கொப்பளம் கிளம்பும் என்பதால்தான் காயும் நாளைக் குறைக்கக் கூடாது.

உரித்த தாள் போகி நெருப்பில் போகக் கூடாது. பூப்போட்ட காகிதமாகத் தெரிந்தாலும் மேல்பூச்சு பி.வி.சி. எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நச்சும் வரும். மூட்டையாகக் கட்டி உலர்குப்பையில் போடுங்கள்.

மறுபடியும் வால்பேப்பரே ஒட்டப்போகிறவர்கள் ஒட்டுகிறவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பட்டி மேல் பிரைமர் ஒரு கோட், நெய்யாத இழைத் தாள், ஃபெவிகால் கலக்காத பசை. அடுத்த முறை தாள் முழுப் பட்டையாக உரிவதும், பட்டியோடு பெயர்வதும் இந்த மூன்றில் இருக்கிறது. ரோலின் லேபிளில் தாளை எப்படி எடுப்பது என்பதற்குச் சிறிய படக்குறி அச்சிட்டிருப்பார்கள். அதை வெட்டி, ஒட்டிய தேதியையும் பசையின் பெயரையும் எழுதி, அந்த அறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
சுவர்ப்பூச்சு வேலை தெரிந்த வாசகர்,
மேற்கு தாம்பரம்.